வலையைப் படித்துச் செய்தியறியும் கணிப்பொறியும் தமிழ்த் தொடரமைப்பும்

0. முன்னுரை

ஐதராபாத்தில் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள பகுதி தார்நாகா. முன்னர் இங்கே நிசாமுக்குரிய மாந்தோப்பு ஒன்று இருந்ததாம். அதனைச் சுற்றிக் கம்பிவேலி இட்டு, காவலுக்கு ஒரு சாவடியும் அமைத்திருந்தனராம். இந்துஸ்தானியில் ‘தார்’ என்பது கம்பி; ‘நாக்கா’ என்பது சாவடி. இப்பெயரைத் தமிழ் மட்டுமே பயின்ற கணிப்பொறி ஒன்று வலைப்பக்கத்தில் எதிர்கொண்டால் என்ன அறிந்துகொள்ளும்? ‘தார்’ அதற்குச் சாலையில் இடும் கரிய பொருளாகவோ வாழைக்குலையாகவோ மாலையாகவோ தோன்றும். ‘நாகா’ வடகிழக்கு மாநிலத்து மக்களினமாகத் தோன்றும். மேலே உள்ள இரு வாக்கியங்களின் ஈற்றிலும் நிற்கும் ‘ஆம்’ என்னும் சிறு சொல், இச்செய்தி செவிவழி வந்தது என அறிவிக்கிறது. அச்சொல்லைக் கணிப்பொறி பெரும்பாலும் கழித்துவிட்டே படிக்கும்.

மனிதர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்காமல், வலைப்பக்கங்களைப் படித்துக் கணிப்பொறி தானே உலகச் செய்திகளைக் கற்கும் முறை கடந்த முப்பது ஆண்டுகளில் உருவானது. அம்முறையின் அடிப்படையை விளக்கி, அது தமிழ்த் தொடர்களை எதிர்கொள்ளுமிடத்து எங்கு இடறும், எங்கு ஆங்கிலத்தினும் எளிதாக வெற்றி பெறக்கூடும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நிரலாக்க நுட்பங்கள் இங்குக் கூறப்படவில்லை. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் அறியவேண்டிய பகுதி மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

1. வித்தும் வாய்பாடும்

கணிப்பொறிக்கு உலக அறிவை ஊட்டும் முயற்சி முதலில் கையாலேயே நடைபெற்றது. டக்ளஸ் லெனட் 1984இல் தொடங்கிய ‘சைக்’ என்னும் திட்டத்தில், அன்றாட அறிவைச் சேர்ந்த கூற்றுகளை வல்லுநர் ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தனர். இதற்கு மாற்றான வழியை 1992இல் மார்ட்டி ஹெர்ஸ்ட் காட்டினார். ஆங்கிலத்தில் ‘சச் அஸ்’ என்னும் தொடர் வருமிடத்தில், அதற்கு முன் நிற்பது பொதுப்பெயர், பின் நிற்பவை சிறப்புப்பெயர்கள். எனவே இன்னது இன்ன வகையைச் சார்ந்தது என்னும் செய்தியை, வாக்கியத்தின் பொருளை முழுவதும் உணராமலேயே பெறலாம். இத்தகைய சொற்சட்டகத்தை இக்கட்டுரை ‘வாய்பாடு’ எனக் குறிக்கிறது.

1998இல் செர்கே பிரின் இதனை ஒரு சுழற்சியாக்கினார். ஐந்து நூல்களின் பெயர்களையும் அவற்றின் ஆசிரியர் பெயர்களையும் மட்டும் வித்தாகக் கொடுத்தார். அவ்விணைகள் வலையில் எத்தகைய சொற்சூழலில் வருகின்றன என்று கண்டு வாய்பாடுகளை எடுத்தல், அவ்வாய்பாடுகளைக் கொண்டு புதிய இணைகளைப் பெறுதல், அவற்றிலிருந்து மேலும் வாய்பாடுகளைப் பெறுதல் என இம்முறை வளர்ந்தது. ஐந்து நூல்கள் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்டவையாகப் பெருகின.

இம்முறையின் விரிந்த வடிவம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழுவினர் உருவாக்கிய, ‘என்றும் ஓயாத மொழிக் கற்பான்’ என்று பொருள்படும் பெயருடைய திட்டம். அதன் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் ‘நெல்’ என்றாகும். (பெயரென்று காட்டப் பெரிய எழுத்து இல்லாத தமிழில், இத்திட்டத்தையே ஒரு கணிப்பொறி தானியங்களுள் சேர்த்துவிடக்கூடும்.) 2010 சனவரியில் இயங்கத் தொடங்கிய அதற்கு 50 கோடி வலைப்பக்கங்களின் தொகுப்பும், நகரம், நிறுவனம், விளையாட்டு எனச் சில வகைகளும், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து வித்துகளும் தரப்பட்டன. அவ்வாண்டு வெளியான முதல் ஆய்வுரையின்படி, 123 வகைகளும் 55 உறவுகளும் கொண்டு 67 நாள் ஓடியபின் அது 2,42,000க்கு மேற்பட்ட செய்திகளைத் திரட்டியிருந்தது. அவற்றின் துல்லியம் 74 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது.

இச்சராசரியைவிட அதன் உட்பகுப்பே நம் கவனத்துக்குரியது. ஓட்டத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து நோக்கியபோது துல்லியம் 90, 71, 57 எனப் படிப்படியாகக் குறைந்திருந்தது. ஒரு தவறான செய்தி நுழைந்தால் அது தவறான வாய்பாட்டைப் பெற்றெடுக்கும். அவ்வாய்பாடு மேலும் பல தவறுகளைக் கொணரும். இதனைப் ‘பொருள் நழுவல்’ எனலாம். அடுமனைப் பண்டங்களைக் கற்றுக்கொண்டிருந்த அத்திட்டம், கணிப்பொறியில் தங்கும் ‘குக்கி’ என்னும் குறுங்கோப்பையும் பிஸ்கட்டுப் போன்ற பண்டம் எனக் கொண்டது. அதை அழித்தேன் என்னும் வாக்கியங்களைக் கண்டபின், அழிக்கப்படும் பிற கோப்புகளையும் பண்டங்களோடு சேர்த்தது. இதற்குத் தடையாக ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்த உத்தி, வகைகளை ஒன்றோடொன்று பிணைத்தல். ஒரு பொருள் நகரமாயின் அது மனிதராக இருத்தல் இயலாது. ஒரு செய்தியைத் தனித்தனி வழிகளில் படித்த வெவ்வேறு உறுப்புகள் ஒத்துக்கொண்டால் அதன் நம்பகம் உயரும். இப்பிணைப்பையும் மீறியே மேற்கண்ட நழுவல் நேர்ந்தது. 2018இல் இத்திட்டத்தினர் எழுதிய கட்டுரை, 12 கோடி நம்பிக்கைகள் நம்பக மதிப்புடன் திரண்டிருந்ததாகக் கூறுகிறது. ‘நம்பிக்கை’ என்பது அவர்களே ஆண்ட சொல். ‘உண்மை’ என்று அவர்கள் கூறாதது பொருத்தமே.

2. முதலிய, ஆகிய, போன்ற

ஹெர்ஸ்ட் கண்ட வாய்பாட்டுக்குத் தமிழில் நிகரானவை எவை? ஒன்றுக்கு மூன்றாக உள்ளன என்பதும், அவை ஒன்றற்கொன்று ஈடாகா என்பதும் தமிழின் சிறப்பு.

(1) மா, பலா, வாழை முதலிய கனிகள்
(2) சேரர், சோழர், பாண்டியர் ஆகிய மூவேந்தர்
(3) இரும்பு, செம்பு போன்ற உலோகங்கள்

(1)இல் பட்டியல் முடியவில்லை, (2)இல் முடிந்துவிட்டது. ஆங்கில வாய்பாடு இன்னின்னவை இவ்வகையைச் சார்ந்தவை என்று மட்டும் கூறும். வேறு இல்லை என்று கூறாது. ‘ஆகிய’ அதையும் கூறிவிடுகிறது. எண்ணுப்பெயரும் முற்றும்மையும் சேர்ந்து ‘மூவரும்’ என வந்தால் ஐயமே இல்லை. ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘சென்னை, மதுரை ஆகிய நகரங்களில் மழை பெய்தது’ என்னும் செய்தியில், மழை பெய்த நகரங்களின் பட்டியல்தான் நிறைவுற்றது. உலகில் நகரங்கள் இரண்டே எனக் கணிப்பொறி முடிவு செய்யலாகாது. ‘ஆகிய’ தரும் முற்றுப்பொருள் அந்த வாக்கியத்தின் வினையளவில் நிற்பது.

(3)தான் இடர் மிகுந்தது. ‘போன்ற’ எடுத்துக்காட்டுக்கும் வரும், உவமைக்கும் வரும். ‘இரும்பு போன்ற உலோகங்கள்’ என்பதைக் கற்ற கணிப்பொறி ‘இரும்பு போன்ற தோள்கள்’ என்பதையும் கற்கும். இரும்பு தோள்வகைகளுள் ஒன்றாகிவிடும். தமிழ்க் கதைகளும் திரைப்பாடல் பற்றிய பக்கங்களும் வலையில் நிறைந்திருத்தலின் இந்நழுவல் அரிதன்று. வகைப்பிணைப்பு இதனை ஓரளவு தடுக்கும். உலோகம் உடலுறுப்பாகாது என்பது முன்பே தெரிந்திருப்பின் அச்செய்தி விலக்கப்படும். ஆனால் முன்னறிவு இல்லாத தொடக்க நிலையில்தான் வித்துகள் முளைக்கின்றன. எளிய வடிவச் சான்று ஒன்று உதவக்கூடும். உவமையில் பெரும்பாலும் ஒரே பொருள்தான் ‘போன்ற’வுக்கு முன் நிற்கும், எடுத்துக்காட்டில் இரண்டோ மூன்றோ அடுக்கி வரும். முதற்சுற்றில் அடுக்கி வருவனவற்றை மட்டும் ஏற்பது நன்று.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளரை நோக்கி ஒன்று கூறவேண்டியுள்ளது. ஆங்கில மூலத்தில் ‘சச் அஸ்’ வந்தால் தமிழில் ‘போன்ற’ என்றே எழுதும் வழக்கம் ஊன்றிவிட்டது. பட்டியல் முடிந்ததா, தொடர்கிறதா, உவமையா என்று தமிழ் காட்டும் வேறுபாட்டை அவ்வழக்கம் அழிக்கிறது. நடைநயத்தின் பொருட்டு மட்டும் இதனைக் கூறவில்லை. ‘முதலிய’ என எழுதியிருந்தால் ஐயமின்றிக் கற்கப்பட்டிருக்கும் செய்தி, ‘போன்ற’ என எழுதியதால் உவமையோடு கலந்துவிடுகிறது.

3. இருபெயரொட்டு

வாய்பாட்டுக்கு இடைச்சொல்லே தேவையில்லாத ஒரு வழியும் தமிழில் உண்டு. பனைமரம், சாரைப்பாம்பு, வைகையாறு என்னும் தொகைகளில் முன்மொழி சிறப்புப்பெயர், பின்மொழி பொதுப்பெயர். பனை மரவகை; சாரை பாம்புவகை. நம் இலக்கணிகள் இருபெயரொட்டுப் பண்புத்தொகை எனப் பெயரிட்ட இவ்வடிவம், ஒரு சொல்லுக்குள்ளேயே ஒரு செய்தியை அடக்கி வைத்திருக்கிறது. வகையறிவைத் திரட்ட இதைவிட எளிய வழி இல்லை எனத் தோன்றும்.

ஆனால் நகைப்பெட்டி, மரப்பெட்டி என்பனவும் இதே வடிவின. நகை பெட்டிவகையன்று. தொகையின் முழுச்சொல் பின்மொழியின் வகையாதல் வேறு, முன்மொழி தானே பின்மொழியின் வகையாதல் வேறு. மரப்பெட்டியில் முதலாவது மெய், இரண்டாவது பொய். கடற்குதிரையில் இரண்டும் பொய், அது மீன். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கும் நிலை கணிப்பொறிக்கும் நேரும்.

இவற்றை வேறுபடுத்த ஒரு சோதனையை இங்கு முன்வைக்கலாம். இருபெயரொட்டில் முன்மொழி தனித்து நின்றும் தொகையின் பொருளையே தரும். ‘வைகை பெருக்கெடுத்தது’ என்றாலும் ‘வைகையாறு பெருக்கெடுத்தது’ என்றாலும் பொருள் ஒன்று. பனை ஏறுவதும் பனைமரம் ஏறுவதும் ஒன்றே. நகையை அணிவர், நகைப்பெட்டியை அணியார். முன்மொழி தனித்து ஏற்கும் வினைகளும் தொகை ஏற்கும் வினைகளும் பெரிதும் ஒத்திருந்தால் இருபெயரொட்டு எனவும், வேறுபட்டால் வேற்றுமைத்தொகை முதலிய பிற எனவும் கொள்ளலாம். இச்சோதனையைக் கணிப்பொறியே பெருந்தரவில் செய்துவிடும். பொருள் நோக்கி நம் இலக்கணம் வகுத்த பிரிவுக்கு இவ்வாறு வழக்குநோக்கிய அளவுகோல் ஒன்று கிடைப்பது மொழியியலாருக்கும் பயன்தரும்.

4. உருபும் ஈற்றுச்சொல்லும்

ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு அமைந்த வாய்பாடுகள் சொற்களின் வரிசையை நம்புகின்றன. தமிழில் உறவைக் காட்டுவது சொல்லின் இறுதியில் ஒட்டும் உருபு. விழுப்புரம் என்னும் ஊர் ‘விழுப்புரத்தில்’ என்றும் ‘விழுப்புரத்துக்கு’ என்றும் மகரம் கெட்டுச் சாரியை பெற்று வரும். உருபனியல் பகுப்பு இன்றிப் படிக்கும் கணிப்பொறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். ஓர் ஊருக்குரிய சான்றுகள் பல துண்டுகளாகச் சிதறும். உருபைப் பிரித்தாலும் பணி முடிவதில்லை. ‘தார்நாகாவில்’, ‘1958இல்’, ‘தமிழில்’, ‘மூவரில்’ என்னும் நான்கிலும் ‘இல்’ ஒன்றே. பொருளோ இடம், காலம், மொழி, பகுதி என நான்கு.

பெயரெச்சம் வேறொரு சிக்கல். ‘மெக்கரிசன் தொடங்கிய ஆய்வகம்’, ‘ஆய்வகம் தொடங்கிய மெக்கரிசன்’ ஆகிய இரண்டிலும் ‘தொடங்கிய’ என்னும் வடிவம் மாறவில்லை; தொடங்கியவர் யார், தொடங்கப்பட்டது எது என்பதை அது காட்டாது. இங்கு அஃறிணைப் பெயர் இருத்தலின் குழப்பம் இல்லை. இருவரும் உயர்திணையாயின்? ‘குமரன் அழைத்த கண்ணன்’ எனில் அழைத்தவன் குமரன். ‘குமரனை அழைத்த கண்ணன்’ எனில் அழைத்தவன் கண்ணன். உயர்திணைச் செயப்படுபொருள் இன்றைய உரைநடையில் ஐ உருபு ஏற்றே வருதலின், உருபின்றி நிற்கும் உயர்திணைப் பெயரை எழுவாயாகக் கொள்ளலாம். கணிப்பொறிக்குக் கொடுக்கத்தக்க திட்டவட்டமான விதி இது.

சொல்வரிசையை விட்டு உருபையும் வினையோடு அது கொள்ளும் உறவையும் பற்றிச் செல்லும் கணினிசார் இலக்கணம் ஒன்று இந்தியாவில் உருவாயிற்று. அட்சர் பாரதி என்னும் குழுப்பெயரிலும் வினீத் சைதன்யா, இராசீவ் சங்கல் பெயர்களிலும் 1995இல் வெளிவந்த நூல், பாணினியின் காரகக் கோட்பாட்டை இயற்கைமொழி ஆய்வுக்குப் பொருத்திக் காட்டியது. பின்னர் ஐதராபாத்துப் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் இந்திய மொழித் தரவுகளுக்குக் காரகக் குறியீடு இடும் பணி இவ்வடிப்படையில் வளர்ந்தது. தமிழ்–தெலுங்கு உள்ளிட்ட இணைகளுக்கான ‘சம்பர்க்’ மொழிபெயர்ப்பு அமைப்பும் பல நிறுவனங்களின் கூட்டு முயற்சியில் உருவானது. அவை மொழிபெயர்ப்பை நோக்கியவை. ஆயினும் யார் எதை எங்கே எப்போது செய்தார் என்பதைப் பிரித்துக் காட்டும் அக்குறியீடுகளே செய்தி திரட்டுவதற்கும் தமிழுக்கு ஏற்றவை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

வாக்கியத்தின் ஈறு தனியே நோக்கத்தக்கது. தமிழில் ஒரு கூற்றைக் கவிழ்த்துவிடும் சொல் இறுதியில்தான் வரும்.

(4) திருச்சிராப்பள்ளி தமிழ்நாட்டின் தலைநகர் அன்று

முதல் மூன்று சொற்களோடு பொருந்தி நின்றுவிடும் வாய்பாடு பொய்யைக் கற்கும். போதாக்குறைக்கு ‘அன்று’ என்பது எதிர்மறையாகவும் வரும், ‘அந்நாளில்’ என்றும் பொருள்படும். இது கற்பனை இடர் அன்று. 1983இல் எம்.ஜி.இராமச்சந்திரன் ஆட்சியில் திருச்சிராப்பள்ளியைத் தலைநகராக்கும் எண்ணம் எழுந்து பின்னர்க் கைவிடப்பட்டது. அதனைப் பற்றிய எழுத்துகளில் அவ்வூரும் ‘தலைநகர்’ என்னும் சொல்லும் மீண்டும் மீண்டும் அருகருகே வருகின்றன. ‘கைவிடப்பட்டது’ என்பது எங்கோ ஈற்றில் நிற்கிறது.

எதிர்மறையைப் போன்றே ஈற்றில் நின்று கூற்றின் தன்மையை மாற்றுவது ‘ஆம்’. ஆங்கிலத்தில் ஒரு தனித்தொடரால் உணர்த்தவேண்டிய செவிவழித்தன்மையைத் தமிழ் ஓரசையில் உணர்த்துகிறது. ‘என்ப’, ‘என்மனார்’ எனக் கூற்றுக்கு உரியவரைச் சுட்டும் பழைய வழக்கும் இத்தொடர்ச்சியில் வருவதே. ஆனால் ‘இரண்டாம்’, ‘செய்யலாம்’, ‘காரணமாம்’ ஆகியவற்றின் ஈற்றிலும் ‘ஆம்’ உள்ளது. இவற்றுள் கடைசி, ‘ஆகும்’ என்னும் பொருளிலும் வரும். பகுப்பி இவற்றைப் பிரித்தறியாதாயின் ‘ஆம்’ வெறும் விகுதியாக உதிர்க்கப்படும். ஒவ்வொரு செய்திக்கும் நம்பக மதிப்பு இடும் அமைப்புக்கு, எழுதியவரே ‘நான் கண்டதன்று, கேட்டது’ எனக் குறித்துத் தரும் இவ்வுறுப்பைவிடப் பயனுள்ள சான்று வேறில்லை.

5. ஒரே இடம், பல காலம்

முன்னுரையில் குறித்த தார்நாகாவுக்கு மீள்வோம். அங்குள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எங்குள்ளது என்னும் வினாவுக்கு வலையில் இரு விடைகள் கிடைக்கும். 1918இல் இராபர்ட் மெக்கரிசன் அதனைத் தொடங்கியது நீலகிரியில், குன்னூரில். ஊட்டச்சத்து ஆய்வகங்கள் என்னும் பெயருடன் 1958இல் அது ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய பெயரை 1969இல் பெற்றது. ஒரு நிறுவனத்துக்கு ஓரிடமே எனக் கொள்ளும் அமைப்பு, குன்னூரையும் தார்நாகாவையும் முரண்பட்டவையாகக் கருதி ஒன்றை விலக்கும், அல்லது இரண்டு நிறுவனங்கள் எனக் கொள்ளும். இரு செய்தியும் உண்மை. ஆண்டு மட்டுமே வேறு.

ஐதராபாத் நகரைப் பற்றிய செய்தி இன்னும் கடினமானது. 1956 முதல் அது ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகர். 2014 சூன் 2 அன்று தெலங்கானா உருவானபோது, பத்தாண்டுக்கு மிகாமல் இரு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகராயிற்று. அக்காலம் 2024 சூன் 2 அன்று முடிந்தது. 2014க்கு முன் எழுதப்பட்ட பக்கங்கள் யாவும் ‘ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகர் ஐதராபாத்’ என்கின்றன. எழுதியபோது அவை மெய். தமிழ்ப் பெயர்ச்சொல் வாக்கியத்தில் வினையே இல்லாமையால், அது எக்காலத்துக்கூற்று என்பதற்கு வாக்கியத்தினுள் எவ்வகைக் குறிப்பும் இல்லை. செய்திகளுக்குக் கால எல்லை வகுக்கும் முயற்சியைப் பார்த்தா தாலுக்தார், டெரி விஜயா, டாம் மிட்செல் ஆகியோர் 2012இல் வெளியிட்டனர். அத்தகைய முறைகள் ஆண்டெண்ணையும் வினைக்காலத்தையும் சான்றாகக் கொள்ளக்கூடும். வினையற்ற தமிழ் வாக்கியம் அவற்றுக்கு ஒன்றும் தருவதில்லை.

எழுத்துப்பெயர்ப்பும் இதனோடு சேர்கிறது. தமிழில் உயிரிடையே தனித்து வரும் ககரம் மெலிந்து ஒலித்தலின் ‘தார்நாகா’ என எழுதினால் சாவடி மறைந்து நாகர் தோன்றுவர். ஒலிக்கு நெருங்கியது ‘தார்நாக்கா’. தெலுங்கைப் பின்பற்றுவோர் ‘தார்னாக்கா’ என்பர். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பெயர்ப்போர் ‘தர்நாகா’ என்பர். ஐதராபாத்தோ ஹைதராபாத், ஐதராபாது எனவும் வழங்குகிறது. சிந்து மாகாணத்தில் அதே பெயரில் இன்னொரு நகரமும் உண்டு.

6. எண்ணிக்கையும் படியெடுப்பும்

பலர் கூறுவது மெய்யாக இருத்தல் கூடும் என்பதே இம்முறைகள் அனைத்துக்கும் அடித்தளம். 2005இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் இதனைக் குடத்திலிட்ட பந்துகளை எடுக்கும் கணக்காக அமைத்தனர். நம் குடவோலையை அது நினைவூட்டும். அக்கணக்கில் ஒவ்வொரு முறை எடுப்பதும் முந்தையதைச் சாராதது. வலையில் தமிழ்ப் பக்கங்கள் அவ்வாறில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் சொல்மாறாமல் பிற தளங்களில் படியெடுக்கப்படுகின்றன. ஒரு செய்தி நிறுவனத்தின் ஒரே மொழிபெயர்ப்பு பல இதழ்களில் வருகிறது. ஓர் ஓலையை நூறு படி எடுத்துக் குடத்தில் இட்டதற்கு ஒப்பானது இது. ஆங்கிலத்தில் பக்கங்களின் பெருக்கம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. எழுதப்பட்டதே குறைவாக உள்ள தமிழில் ஒரு மொழிபெயர்ப்பாளரின் பிழை பெரும்பான்மைக் கருத்தாகிவிடுகிறது.

அடுத்த சொல்லை ஊகித்துப் பயிலும் இன்றைய பெருமொழி மாதிரிகளில் இவ்விடர் நீங்கவில்லை, காண்பதுதான் கடினமாகிவிட்டது. மிட்செல் குழுவின் அறிவுத்தளத்தில் குக்கியைப் பண்டமென்று கூறிய ஒற்றை நம்பிக்கையை எடுத்துப் பார்க்க முடிந்தது, நீக்கவும் முடிந்தது. மாதிரிகளில் செய்தி அவ்வாறு தனித்து நிற்பதில்லை. அவை பயிலும் தமிழ்ப் பக்கங்களுள் கணிப்பொறியே மொழிபெயர்த்தவையும் கலந்துள்ளன.

மொழிபெயர்ப்பாளர் கையில் உள்ளது என்ன என்பதற்கு ஊட்டச்சத்து நிறுவனமே எடுத்துக்காட்டு. அதன் வரலாற்றைக் கூறும் ஆங்கில வாக்கியத்தை இருவகையாகப் பெயர்க்கலாம்.

(5) 1918இல் குன்னூரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது.
(6) இந்நிறுவனம் குன்னூரில் தொடங்கப்பட்டது. பின்னர் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது.

நெடுவாக்கியத்தை உடைத்தெழுதுக என்னும் அறிவுரையின்படி (6) சிறந்தது. ஆனால் வாக்கியம் வாக்கியமாகப் படிக்கும் கணிப்பொறிக்கு (6)இன் இரண்டாம் வாக்கியத்தில் எழுவாய் இல்லை, ஆண்டும் இல்லை; முதல் வாக்கியமோ நிறுவனத்தைக் குன்னூரிலேயே நிறுத்திவிடுகிறது. (5)இல் எச்சமும் முற்றும் ஒரே எழுவாயைப் பற்றி நிற்க, இரு இடங்களும் இரு ஆண்டுகளோடு வருகின்றன. ‘இந்நிறுவனம்’ என்னும் சுட்டுக்குப் பதிலாகப் பெயரையே எழுதினால் இன்னும் நன்று.